புயல்முனைப் பயணத்தின் 1,047ஆவது வாசகி

விலைமதிப்பற்ற அந்தப் புத்தகத்தின் விலை மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா. இது பின்னட்டையில் அச்சாகியிருக்கிறது. விலைமதிப்பற்றது என்ற செய்தி முன்னட்டையில், செவ்வியல் நூல் பேணல் மற்றும் வாசிப்பு வளர்ச்சி வாரியம் பிற்பாடு ஒட்டிய பொன்னிறச் சீட்டில் இருக்கிறது. ஒரே சரக்குக்கு முன்பக்கம் ஒரு விலையும் பின்பக்கம் ஒரு விலையும் போட்டிருக்கும் கடையில் கொஞ்சம் உஷாராக நிற்க வேண்டும். கமலவல்லிக்கு இது தெரியாததல்ல. இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் எதையும் வாங்க வரவில்லை. மழைக்கு ஒதுங்க வந்தாள்.

தரங்கம்பாடியில் விடியற்காலை ஏலம் எடுத்து, வேனில் ஏற்றி, தாராசுரத்துத் தெருவில் விற்று முடிக்கப் பகல் பன்னிரண்டு ஆகிவிடும். திரும்பும் வேன் மூன்று மணிக்கு. இடைப்பட்ட மூன்று மணி நேரத்துக்கு வாரியத்தின் கிளை நூலகத்து வாசலைப்போல வசதியான இடம் தாராசுரத்தில் வேறில்லை. ஆள் நடமாட்டமே இருக்காது.

நூலகர் கலியபெருமாள் அவளை உள்ளே கூப்பிட்டார். மழையில் நனைகிறாளே என்ற இரக்கம் பாதி. அந்த மாதத்துக்கு உறுப்பினர் ஐந்து பேர் சேர்க்க வேண்டியதில் ஒரு தலை குறைந்தது மீதி.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"பத்தாவது. கணக்குல போச்சு."

"போதும் போதும். ஒரு புத்தகம் எடுத்துக்கிட்டுப் போகலாம்."

ஒன்றுதான் என்றால் எடையில் பெரியதாக எடுப்பதுதானே முறை? கமலவல்லி கையால் தூக்கித் தூக்கிப் பார்த்து, 'புயல்முனைப் பயண'த்தை எடுத்தாள். முந்நூற்று எண்பத்து நான்கு பக்கம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் எழுதிய கடல் சாகச நாவல்.

கலியபெருமாள் தயங்கினார். "அது செவ்வியல் நூலும்மா."

"அப்படின்னா?"

"எல்லாரும் படிச்சது."

எடுத்துச் சென்றவர்களின் தேதி முத்திரை பதியும் சீட்டைக் காட்டினார். ஒரு சீட்டில் இடம் போதாமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி, சீட்டே ஒரு சிறு புத்தகம் அளவுக்குத் தடித்திருந்தது. ஆயிரத்து நாற்பத்தாறு முத்திரைகள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில், மாலை நான்கு மணிக்கும் நாலரை மணிக்கும் நடுவே, அந்தப் புத்தகம் பதினைந்து பேரால் வாசித்து முடிக்கப்பட்டு வந்தது. கலியபெருமாள் பெருமூச்சோடு ஆயிரத்து நாற்பத்தேழாவதைக் குத்தினார்.

வீட்டில் வந்து பிரித்தால், பதினாறாம் பக்கத்தோடு வழி அடைத்துக்கொண்டது. அச்சடித்த பெரிய தாளை மடித்துத் தைத்தவர்கள் ஓரத்தை வெட்டாமலே அனுப்பிவிட்டிருந்தார்கள். தாள்கள் மேல்புறத்திலும் பக்கவாட்டிலும் சேர்ந்தே இருந்தன. உள்ளே எழுத்து தெரிகிறது, எட்டிப் பார்க்கலாம், படிக்க முடியாது.

வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கமலவல்லிக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முழு மீனாக வாங்கினால் ஆய்ந்து கொள்வது வாங்கியவள் பாடு. இறால் உரிக்கும் சின்னக் கத்தியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மடிப்பு மடிப்பாக அறுத்தாள். இருபத்திரண்டு வருடக் கை. ஒரு எழுத்து சேதமில்லை.

மறுநாளிலிருந்து வேனில் கதை நடந்தது. முந்தின நாள் இரவு படித்ததைக் கமலவல்லி சொல்ல, கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஏழு பெண்கள் கேட்டார்கள். கேப்டன் தோர்ன்பி என்றொருவர், புதையல் தேடி ஒரு தீவுக்குப் போகிறார்.

"கப்பல்ல எத்தனை பேரு?" என்று கேட்டாள் நீலாம்பாள். கமலவல்லியின் பக்கத்துக் கடைக்காரி. எதையும் எண்ணாமல் நம்ப மாட்டாள்.

"கேப்டனோட சேத்து இருவத்திமூணு பேரு."

"யாரு சோறாக்குறது?"

"எழுதலடி."

"இருவத்திமூணு பேரு எட்டு மாசம் போறாங்க. சோறாக்குனவன் யாருன்னு எழுதலையா? என்ன பொஸ்தகம் இது?"

இதைவிடக் கூர்மையான விமரிசனம் அந்த நாவலுக்கு நூற்றைம்பது வருடத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம். எழுதியவர் கடலைத் துறைமுகத்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர் என்பதையும் வேன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டது. வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும்போது கப்பல் நேர் வடக்கே பாய் விரித்துப் பறந்தது. ஆனாலும் கதையை நிறுத்த யாரும் ஒப்பவில்லை. காரணம், நூற்றிருபதாம் பக்கத்தில் ஒருத்தன் வந்தான்.

தீவைச் சுற்றிப் பாறை. உள்ளே போக ஒரே ஒரு வழி. அந்த வழி கேப்டனுக்குத் தெரியாது. கேப்டனிடம் இருந்த வரைபடத்துக்கும் தெரியாது. கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனுக்குத் தெரியும். புத்தகம் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. 'அந்தக் காட்டான்' என்றே எழுதிக்கொண்டு போகிறது. கப்பலை உள்ளே ஓட்டி வந்தவன் அவன். அதற்குக் கூலியாகக் கேப்டன் கீறல் விழுந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டாயிரம் பொற்காசுப் புதையலை ஏற்றிக்கொண்டு திரும்பும் இரவில், இருட்டில் வழி தெரியாமல் கப்பல் தவித்தபோது, பாறைமேல் இறங்கி நின்று தீப்பந்தம் காட்டியவனும் அவன்தான். கப்பல் தாண்டிவிட்டது. அலை ஏறுகிறது. அவன் மார்பு வரை தண்ணீர். இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம் அங்கே முடிகிறது.

அன்றைக்குத் தவணை தேதி. கமலவல்லி சொன்ன சொல் தவறாதவள். இன்னும் பதினைந்து நாள் கேட்டு வாங்கலாம் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கலியபெருமாள் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அது தானாக விரிந்தது. அவர் பதறிப்போய் மேசைமேல் போட்டார்.

"என்னம்மா இது, தொறக்குது?"

"ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நான்தான் அறுத்துவிட்டேன்."

"அறுத்தீங்களா? எதுக்கு?"

"படிக்க."

கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, ஆயிரத்து நாப்பத்தாறு பேரு எடுத்துக்கிட்டுப் போனாங்க. ஒருத்தராவது இப்படிப் பண்ணியிருப்பாங்களா?"

நல்ல மனிதர்தான். ஆனால் புத்தகத்தைப் பூட்டிவிட்டு மேலிடத்துக்குத் தகவல் சொன்னார்.

மூன்றாம் நாள் வாரியத்தின் ஆய்வு அலுவலர் பிரகதீஸ்வரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையுறை போட்டுக்கொண்டார். வெட்டுகளை எண்ணினார், நூற்றிரண்டு. அளந்தார், மொத்தம் பதினெட்டு மீட்டர் முப்பத்தாறு சென்டிமீட்டர். இருநூற்றுப் பத்தாம் பக்கத்தை முகர்ந்து பார்த்து, 'நெத்திலி' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். கமலவல்லியை நூலகத்துக்கு வரவழைத்து, அவளுடைய இறால் கத்தியை வாங்கி உறையிலிட்டு அரக்கு வைத்தார்.

"மேடம், கத்திய வேணா வெச்சுக்கங்க. பொஸ்தகத்த மட்டும் குடுங்க. அந்த ஆளப் பாறையில நிக்க வெச்சுட்டு வந்திருக்கேன். தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு."

"எந்த ஆள்? எந்தப் பாறை? உங்க மேல உள்ள புகார்ல பாறை கிடையாதும்மா. குழப்பாதீங்க."

வேனில் நிலைமை மோசமானது. மறுநாள் சொல்லக் கதை இல்லை. ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அலை வடிய ஆறு மணி நேரமாகும், அதுவரை நிற்க முடியாது என்றாள் ஒருத்தி. கரைக்குப் போக நீந்துவான், அவன் ஊர்க் கடல்தானே என்றாள் இன்னொருத்தி. நீலாம்பாள் சிங்கப்பூரில் இருக்கும் தன் அக்கா மகனைக் கூப்பிட்டு நெட்டில் தேடச் சொன்னாள். வாழ்நாளில் கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்களில் இது நாற்பத்தோராவது என்று பதினேழு இடத்தில் போட்டிருக்கிறதாம். கேப்டன் வெற்றியோடு திரும்பினார் என்று ஒரு வரியும் இருக்கிறதாம். வேறு யாரைப் பற்றியும் பேச்சே இல்லையாம்.

"கேப்டன யாரு கேட்டா?" என்று போனை வைத்தாள் நீலாம்பாள்.

தஞ்சாவூரில், வாரியத் தலைமை அலுவலகத்தில் விசாரணை. தலைவர் முனைவர் இளஞ்செழியன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிகளில் செவ்வியல் நூல்கள் வரிசையாக நின்றன. அலமாரிச் சாவி காணாமல் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்ததால் அவை மிகவும் நல்ல நிலையில் இருந்தன.

"அம்மா," என்று தொடங்கினார் தலைவர், "வாசிப்பு என்றால் என்ன? தாளைப் பிரிப்பதா? இல்லை! மனத்தைப் பிரிப்பது! என் இருபத்தெட்டு வயதிலிருந்து இந்த நூலைப் பற்றிப் பேசி வருகிறேன். முந்நூறு மேடைகள். அதில் நாற்பது வெளிநாடு. ஒரு தாளையாவது கசங்க விட்டிருப்பேனா? தொட்டிருப்பேனா? பார்த்திருப்பேனா? அதற்குப் பெயர்தான் அம்மா, மரியாதை!"

பிரகதீஸ்வரி 'மரியாதை' வரை குறித்துக்கொண்டார்.

கமலவல்லி எழுந்து நின்றாள். "ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. தாளு ஒட்டியிருந்துச்சுன்னா அந்த ஆயிரத்து நாப்பத்தாறு பேரும் எப்படிப் படிச்சாங்க? ஒட்டலன்னா, நான் எத அறுத்தேன்?"

சாட்சியாக வந்திருந்த கலியபெருமாள் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்தார். தலைவரும் அலுவலரும் தணிந்த குரலில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு பிரகதீஸ்வரி முடிவைப் படித்தார்.

"தாள்கள் ஒட்டியிருந்தன என்பது ஆய்வில் நிரூபணமாகியுள்ளது. ஆயிரத்து நாற்பத்தாறு பேர் முழுமையாக வாசித்தார்கள் என்பது பதிவேட்டில் நிரூபணமாகியுள்ளது. இரண்டும் வாரியத்தின் ஆவணங்கள் என்பதால் இரண்டும் உண்மை."

"சரிங்க மேடம். அப்ப ஐயா இதச் சொல்லட்டும். அந்த ஆளு பொழைச்சானா?"

"யார்?" என்றார் தலைவர்.

"பாறையில நிக்கிறவன். நீங்கதான் முந்நூறு மேடையில பேசியிருக்கீங்களே."

தலைவர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கோப்பைப் பார்த்தார். கோப்பில் அது இல்லை.

"அது... ஒவ்வொரு வாசகரும் தாமே உணர வேண்டிய இடம்," என்றார் தலைவர்.

மன்னிப்புக் கடிதம் ஒன்று தட்டச்சாகித் தயாராக இருந்தது. 'வாரியத்தின் எந்த நூலையும் உரிய அனுமதியின்றி இனித் திறக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.' கமலவல்லி இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"மிச்சப் பக்கத்தக் குடுங்க. படிச்சிட்டுப் போடுறேன் கையெழுத்து."

"முதல்ல கையெழுத்து."

"சரக்கக் காட்டாம முன்பணம் கேக்குறீங்க. நாங்க அப்படி ஏவாரம் பண்றதில்லீங்க."

கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இதோடு விவகாரம் கோப்பில் உறங்கிப் போயிருக்கும். ஆனால் அந்த மாதமே, நாட்டிலேயே மிக அதிகம் வாசிக்கப்பட்ட செவ்வியல் நூல் என்ற விருது 'புயல்முனைப் பயண'த்துக்குக் கிடைத்துவிட்டது. விருது விதிகளில் ஒரே ஒரு சிக்கல்: மேடையில் ஒரு வாசகரைக் கௌரவிக்க வேண்டும். வாரியம் பதிவேட்டிலிருந்த ஆயிரத்து நாற்பத்தேழு பேரையும் தேடிப் புறப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், நூலை எடுத்துச் செல்வதற்குச் சில வருடங்கள் முன்பே காலமாகியிருந்தார்கள். ஒரு வாசகருக்கு எடுத்துச் சென்ற தேதியில் வயது ஏழு மாதம். பூதலூரில் மிகுந்த சிரமத்தின் பேரில் உயிரோடு பிடிபட்ட ஒருவர், தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அழுதார். முகவரியும் உயிரும் ஒரே இடத்தில் இருந்த வாசகர் ஒருவர்தான் தேறினார். அவர் பெயர் புகார்க் கோப்பில் இருந்தது.

எனவே கமலவல்லிக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, நூலைச் சேதப்படுத்தியதற்காக இறுதி எச்சரிக்கை. இன்னொன்று, நூலைப் போற்றியதற்காகப் பொன்னாடை.

பதில் போகாததால் பிரகதீஸ்வரியே தாராசுரத்துக் கடைக்கு வந்தார்.

"சங்கரா எடுத்துக்கங்க மேடம், இப்ப வந்தது."

"நான் மீன் வாங்க வரலைம்மா. விழாவுக்கு நீங்க வரணும். பொன்னாடை, சான்றிதழ், போகவர கார்."

"பொன்னாடை வேணாம். வெயில்ல கசகசங்கும். பொஸ்தகம்?"

"புத்தகம் மேடையில் கண்ணாடிப் பெட்டியில இருக்கும். போட்டோவுக்கு நீங்க பிடிச்சுக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷத்துல ஒரு நெத்திலி கூட ஆய முடியாது மேடம். பக்கத்துக் கடையப் பாருங்க."

பிரகதீஸ்வரி பக்கத்துக் கடையைப் பார்த்தார். அங்கே நீலாம்பாள் வாளைமீன் தலையை ஒரே போடாகப் போட்டாள்.

"சரி, அஞ்சு நிமிஷம். மன்னிப்புக் கடிதத்தை மேடையிலேயே கையெழுத்துப் போடணும்."

"மேடையில எழுதித் தர்றேன். எங்க ஆளுங்க ஏழு பேரு வருவாங்க. முன்னாடி உக்கார வெக்கணும்."

விழா அன்று தஞ்சாவூர் அரங்கத்தில் இரண்டாம் வரிசை முழுக்க வேன். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் வெளியூர் விருதுக் குழுவினர், கேமராக்கள். ரிப்பன் வெட்டினார்கள். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். கேப்டன் தோர்ன்பியின் துணிவை இமயமலையோடும், மொழிபெயர்ப்பைக் காவிரியோடும், வாரியத்தைக் கல்லணையோடும் ஒப்பிட்டார். கல்லணை தண்ணீரை நிறுத்துவதற்கா விடுவதற்கா என்று அவர் விளக்கவில்லை. பிறகு கமலவல்லி மேல் பொன்னாடை விழுந்தது. கண்ணாடிப் பெட்டி கைக்கு வந்தது. விளக்குகள் பளிச்சிட்டன.

கமலவல்லி பெட்டியைத் திறந்தாள். பொன்னாடையைத் தரையில் மடித்துப் போட்டு மேடையிலேயே உட்கார்ந்தாள். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் தட்டில் கிடந்தது.

"அம்மா, அது ரிப்பனுக்கு!" என்றார் தலைவர்.

"ரிப்பன்தான் வெட்டியாச்சேய்யா. இப்ப சும்மாத்தானே கெடக்கு."

இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம் வரை ஏற்கெனவே அறுத்தது. அதற்கு மேல், பதினாறு பதினாறு பக்கமாக ஆறு கட்டு மிச்சம். சரக், சரக் என்று வெட்டும் சத்தம் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. தலைவர் எழுந்தார். ஆனால் முதல் வரிசையில் விருதுக் குழுவினரும் எழுந்துவிட்டிருந்தார்கள். இருபது வருடமாக வாசிப்பு விழாக்களுக்குப் போகிறவர்கள். விழாவில் ஒருவர் வாசிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. கைதட்டினார்கள். கேமராக்கள் மேடைக்கு நெருங்கின. தலைவர் புன்னகையோடு உட்கார்ந்தார். வேறு வழி இல்லை.

ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. கமலவல்லி வாய்விட்டே படித்தாள். பல பக்கங்களை விரலால் ஓட்டிக்கொண்டு போனாள். கப்பல் திறந்த கடலுக்கு வந்தது. புயல் வந்தது, போனது. ஊர் தெரிந்தது. ராணி விருந்து கொடுத்தார். கேப்டனுக்குப் பட்டம். கப்பலில் இருந்த நாய்க்கு வெள்ளியில் கழுத்துப் பட்டை. முந்நூற்று எண்பத்துமூன்றாம் பக்கத்தில் 'முற்றும்'. கமலவல்லி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா? பொழைச்சானா?" இரண்டாம் வரிசையிலிருந்து நீலாம்பாள் கத்தினாள்.

"எழுதல."

"செத்துட்டானா?"

"அதையும் எழுதலடி. அந்தப் பாறைக்கப்புறம் அவனப் பத்தி ஒரு வரி கெடையாது. நாய்க்கு எழுதியிருக்கு."

அரங்கம் அமைதியாக இருந்தது. இந்த அமைதியைத் தலைவர் தவறாகப் புரிந்துகொண்டார். மைக்கைப் பிடித்து, "இதுதான் செவ்வியலின் உன்னதம்! சொல்லாமல் விடுவது!" என்றார். பிறகு மன்னிப்புக் கடிதத்தையும் பேனாவையும் கமலவல்லியிடம் நீட்டினார்.

அவள் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாள். 'முற்றும்' என்பதற்குப் பின்னால் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது.

"மேடம்கிட்ட மேடையில எழுதித் தர்றேன்னு சொன்னேன். எழுதுறேன். எங்க ஊருல படகு கரையேறினா மொத்தத்துல பாதி படகுக்கு. மிச்சம் ஆளுக்கு ஒரு பங்கு. கடலுக்குள்ள போனவன் எவனையும் பங்குல விட முடியாது. கரைக்கு வரலன்னா அவன் வீட்டுக்குப் போகும். வழி தெரிஞ்சு ஓட்டுறவனுக்கு ரெண்டு பங்கு. இது கேப்டனுக்கும் பொருந்தும், ராணிக்கும் பொருந்தும்."

"அம்மா, அதுல எழுதக் கூடாது! விலைமதிப்பற்ற நூல்!" பிரகதீஸ்வரி ஓடி வந்தார்.

"எழுதறதுக்குத்தானே மேடம் வெறும் தாளு வுட்டிருக்கான்."

வேன் ஏழு பேரும் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்து, படி ஏறும் வழியை அடைத்து நின்றுகொண்டார்கள். நீலாம்பாள் மனக்கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல, கமலவல்லி ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்கொண்டே எழுதினாள்:

புதையல், பொற்காசு: 12,000
கப்பலுக்குப் பாதி: 6,000
ஆட்களுக்கு மீதி: 6,000
கரையேறியவர்கள், கேப்டன் உட்பட: 23 பேர், 23 பங்கு
வழி காட்டி ஓட்டியவர்: ஒருவர், 2 பங்கு
அவர் பெயர்: எழுதியவர் கேட்கவில்லை
ஆகப் பங்கு 25. பங்கு ஒன்றுக்கு: 240
ஓட்டியவருக்குச் சேர வேண்டியது: 480
பெற்றது: முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, கீறல் விழுந்தது. திருப்பித் தரச் சம்மதம்
பாக்கி: 480